எலியிலிருந்து மாடு வரை: கோமாரிக்கான டி.என்.ஏ. தடுப்பூசி



கால்நடைகளின் பிணி தீர்க்கும் கல்வி வளரவேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு தம் செல்வத்தில் ஒரு பங்கை ஒதுக்கி இவ்வறக்கட்டளையை நிறுவி, ஆண்டுதோறும் ஒருவரை அழைத்து அக்கல்வியின் ஏதேனும் ஒரு துறையைப் பற்றிப் பேசச் செய்யவேண்டும் என்று விதித்துச் சென்ற பெரியவரின் நினைவுக்கு முதற்கண் என் வணக்கம். வாயில்லாப் பிராணிகளின் பொருட்டு ஒருவர் பொருள் வைத்துச் சென்றார் என்னும் செய்தியே, இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயத்தை எத்தகைய சிரத்தையோடு அணுகவேண்டும் என்பதை எனக்கு உணர்த்துகிறது. அந்த விஷயம் கோமாரி. அந்நோயைத் தடுப்பதற்காக ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக உலகின் பல ஆய்வுக்கூடங்களில் நடந்துவரும் டி.என்.ஏ. தடுப்பூசிப் பரிசோதனை எங்கே தொடங்கிற்று, எதுவரை வந்தது, எக்காரணத்தால் இன்னும் நம் தொழுவங்களை வந்தடையவில்லை என்பதே என் பேச்சின் பொருள்.

கோமாரி கண்ட தொழுவத்தை ஒருமுறை அருகிருந்து பார்த்தவர் மறக்கமாட்டார். முதல் நாள் மாடு அசைபோடுவதை நிறுத்தும். தீவனத் தொட்டியருகே சென்று முகர்ந்துவிட்டு, வாய் வைக்காமலே திரும்பிவிடும். உடம்பு அனலாய்க் கொதிக்கும். அடுத்த நாள் உதட்டோரத்தில் நூல்நூலாய் எச்சில் இறங்கத் தொடங்கும். வாயைத் திறந்து மூடுந்தோறும் எழும் சப்புக்கொட்டும் ஓசை தொழுவமெங்கும் கேட்கும். நாக்கைத் துணியால் பற்றி வெளியே இழுத்துப் பார்த்தால், கொப்புளங்கள் ஒன்றோடொன்று கூடி உடைந்து, மேற்றோல் அப்படியே கழன்று கையோடு வருவதையும், அடியில் செக்கச் சிவந்த புண் தெரிவதையும் காணலாம். குளம்புகளுக்கிடையே வெடித்த புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். மாடு ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். காம்பிலும் கொப்புளம் எழுவதால் கன்று முட்டும்போது தாய் வலி பொறுக்காமல் உதைத்துத் தள்ளிவிடும். படிகாரம் கரைத்த நீரால் வாயைக் கழுவுவதும், வேப்பெண்ணெயைக் குளம்பிடையில் தடவுவதும், சீரகமும் வெந்தயமும் மிளகும் மஞ்சளும் பூண்டும் தேங்காயோடும் வெல்லத்தோடும் அரைத்து நாக்கில் தடவிவிடுவதும் வேதனையைத் தணிக்கும் நல்ல உபசாரங்களே. ஆனால் உள்ளே புகுந்துவிட்ட வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் நம்மிடம் இல்லை.

வளர்ந்த மாடுகளில் பெரும்பாலானவை பிழைத்துவிடும் என்பதனால் இந்நோயைச் சிறிதென்று எண்ணுவார் உண்டு. அவர்கள் கன்றுகளைப் பார்க்கவில்லை என்றே கருதுகிறேன். பணியிலிருந்த காலத்தில், காவிரிக் கழிமுகத்துச் சிற்றூர் ஒன்றில், வாயில் ஒரு கொப்புளமும் இன்றி, முதல் நாள் மாலைவரை துள்ளித் திரிந்து, விடியலில் இறந்துகிடந்த கன்று ஒன்றை அறுத்துப் பார்த்தோம். இதயத்தின் சிவந்த தசையில் வெளிறிய மஞ்சள் வரிகள் குறுக்கும் நெடுக்குமாய் ஓடியிருந்தன. புலிவரி இதயம் என்று பாடநூல்கள் கூறும் அந்தக் காட்சி, இளங்கன்றின் இதயத் தசையை இவ்வைரஸ் நேரே தாக்கி அழிப்பதன் பிரத்தியட்ச அடையாளம். பிழைத்த மாடுகளுக்கும் முழு மீட்சி கிட்டுவதில்லை. பல மாடுகள் அதன்பிறகு வெயில் தாங்காமல் மூச்சிரைக்கும். குறைந்த பால் பழைய அளவுக்கு ஏறாது. உழவு மாடு ஏருக்கு உதவாமற் போகும். 2013ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கர்நாடகத்திலும் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இந்நோய் கடுமையாகப் பரவி மாடுகளும் கன்றுகளும் மாண்டபோது, ஒற்றைப் பசுவை நம்பிப் பால் சங்கத்தில் பால் ஊற்றி வந்த குடும்பங்களின் நிலை என்னவாயிற்று என்பது இந்த அவையிலுள்ள பலருக்கு நேரடி அனுபவமாகத் தெரியும்.

இந்நோய் மிகப் பழையது. 1514இல் வட இத்தாலியின் மாடுகளிடையே பரவிய ஒரு நோயைப் பற்றி ஜிரோலாமோ ஃபிராகஸ்டோரோ என்னும் மருத்துவர் 1546இல் வெளியிட்ட நூலில் எழுதியிருப்பது இதையே குறிக்கும் என்று பலர் கருதுகின்றனர். ஆயினும் நோயின் காரணத்தை அறிந்துகொள்ள 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஜெர்மானிய அறிஞர்களான ஃபிரீட்ரிஷ் லோஃப்லரும் பால் ஃபிராஷும் கொப்புளத்து நீரை எடுத்து, பாக்டீரியா எதுவும் புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, வடிந்த தெளிந்த நீரைக் கன்றுகளுக்குச் செலுத்தியபோது கன்றுகள் நோயுற்றன. அவற்றின் கொப்புளத்திலிருந்து எடுத்த நீர் மீண்டும் பிற கன்றுகளுக்கு நோய் தந்தது. வடிகட்டியைக் கடந்து சென்றது வெறும் நஞ்சன்று, தன்னைப் பெருக்கிக்கொள்ளும் சூக்ஷ்மமான ஒரு பொருள் என்று 1898இல் அவர்கள் முடிவு கூறினார்கள். விலங்குகளுக்கு நோய் தரும் வைரஸ் என்று உலகம் முதன்முதல் அறிந்தது இதைத்தான். லோஃப்லர் தம் ஆராய்ச்சியை 1910இல் பால்டிக் கடலிலுள்ள ரீம்ஸ் என்னும் தீவுக்கு மாற்றிக்கொண்டார். இவ்வைரஸைக் கையாளுவோர் ஊரையும் மந்தையையும் விட்டு விலகியிருக்கவேண்டும் என்னும் நியதி அன்றே பிறந்துவிட்டது.

அந்த நியதி ஏன் வேண்டும் என்பதை அறிய வைரஸின் அமைப்பைச் சற்றே பார்க்கவேண்டும். ஏறத்தாழ 8,400 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை ஆர்.என்.ஏ.; அதைச் சுற்றி நான்கு வகைப் புரதங்கள், வகைக்கு அறுபது வீதம், பிசிறின்றிப் பொருந்திய ஓர் உறை; இவ்வளவே அதன் சரீரம். இந்த உறையின் வடிவத்தை அணுவணுவாக 1989இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் எக்ஸ்-கதிரின் துணையால் கண்டறிந்தார்கள். உறையின் மேற்பரப்பில் நீண்டு அசையும் ஒரு சிறு வளையம் உண்டு; அதைக் கொண்டே வைரஸ் மாட்டின் உயிரணுவைப் பற்றிக்கொள்கிறது; மாட்டின் எதிர்ப்பொருள்களும் பெரும்பாலும் அந்த வளையத்தையே குறிவைக்கின்றன. அந்த வளையமும் அதன் சுற்றுப்புறமும் ஓயாமல் மாறிக்கொண்டிருப்பதால் இந்நோயில் ஓ, ஏ, சி, ஏசியா-1 என நான்கும், பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் காணப்படும் சாட் வகைகள் மூன்றுமாக ஏழு பெரும்பிரிவுகள் உண்டாயின. ஒன்றுக்குப் பெற்ற தடுப்பு மற்றொன்றுக்கு உதவாது. ஒரே பிரிவுக்குள்ளும் கிளைகள் விலகிச் சென்றுகொண்டே இருக்கின்றன.

வெக்கை நோயோடு ஒப்பிட்டால் இதன் கொடுமை விளங்கும். வெக்கை நூற்றுக்குத் தொண்ணூறு மாடுகளைக் கொன்ற காலமும் உண்டு. ஆயினும் அதற்கு ஒரே வகை. வால்டர் பிளௌரைட் உருவாக்கிய தடுப்பூசியை ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் காப்பு. ஆகவேதான் நம் நாட்டில் 1995இல் வட ஆர்க்காட்டுப் பகுதியில் கடைசியாகக் காணப்பட்ட அந்நோய், 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கோமாரியோ மாடுகளைக் கொல்லுவது குறைவு. ஆனால் எழுவகையாய் நின்று, நோய் தீர்ந்த மாட்டின் தொண்டையிலும் மாதக்கணக்காய், சிலவற்றில் ஆண்டுக்கணக்காய் ஒளிந்திருக்க வல்லது. பெருங்கொலைகாரனை வென்ற நாம் இந்தச் சிறு வைரஸிடம் இன்னும் மல்லாடிக்கொண்டிருப்பதற்கு வைரஸின் இயற்கையே முதற்காரணம்.

இனி, இன்று நம் கையிலிருக்கும் தடுப்பூசிக்கு வருவோம். அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று; அதற்குப் பின்னுள்ள உழைப்பு வணங்கத்தக்கது. 1947இல் ஹாலந்தின் ஃபிரெங்கல் என்பவர், இறைச்சிக்கூடத்தில் அறுபட்ட நல்ல மாடுகளின் நாக்கிலிருந்து மேற்றோலைச் சீவியெடுத்து, அதை ஊட்டச்சத்து நீரில் வைத்து அதில் வைரஸை வளர்க்கும் முறையைக் கண்டார். அதனால் தடுப்பூசியைப் பேரளவில் தயாரிக்க வழி பிறந்தது. 1962இல் இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வு நிலையத்தில், வெள்ளெலிக் குட்டியின் சிறுநீரகத்திலிருந்து பிரித்து வளர்த்த உயிரணுக்களில் வைரஸை வளர்க்கும் முறை வந்தது. பின்னர் அவ்வுயிரணுக்களைப் பெரிய தொட்டிகளில் மிதக்கவிட்டு வளர்க்கக் கற்றார்கள். அந்த வழியிலேயே இன்றும் தடுப்பூசி தயாராகிறது. வளர்ந்த வைரஸை ரசாயனத்தால் செயலற்றதாக்கி, சுத்திகரித்து, எண்ணெய்க் குழம்பில் சேர்த்துத் தருகிறார்கள். ஓ, ஏ, ஏசியா-1 ஆகிய மூவகையும் சேர்ந்த ஊசியே நம் நாட்டில் வழங்குவது. 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிவைக்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாட்டின் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் ஊசி போடத் திட்டமிட்டது, உலகில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத பெருமுயற்சி.

ஆனால் அந்த ஊசியில் மூன்று குறைகள் அதன் பிறப்போடு வந்தவை. அதன் வீரியமெல்லாம் உடையாமல் முழுதாய் நிற்கும் வைரஸ் உறையிலேயே இருக்கிறது. சற்றே வெப்பம் ஏறினாலும் சற்றே புளிப்புத் தட்டினாலும் உறை சிதறிச் சிறு துண்டுகளாகிவிடும். துண்டுகளால் காப்பு பெரிதும் இல்லை. மருந்துக் கிடங்கிலிருந்து மருந்தகத்துக்கும், மருந்தகத்திலிருந்து மோட்டார் சைக்கிளின் பின்னே கட்டிய ஐஸ் பெட்டியில் சித்திரை வெயிலில் ஏரிக்கரையோரம் கூடிய மாடுகளுக்கும் போய்ச் சேரும் அந்தக் குப்பி, வழி நெடுக 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். கால்நடை ஆய்வாளர் ஒருவர் உருகிய ஐஸ்கட்டியை வடித்துவிட்டு, டீக்கடையில் புதுக்கட்டி வாங்கிப் பெட்டியில் அடுக்கியதை நான் பார்த்திருக்கிறேன். இந்நாட்டின் தடுப்பூசித் திட்டம் அத்தகைய ஊழியர்களின் அக்கறையால்தான் நடக்கிறது. இரண்டாவது குறை, காப்பு நீடிக்கும் காலம். ஏறத்தாழ ஆறு மாதமே அது நிற்பதால், ஒரு சுற்றுத் தவறினாலும் மந்தையில் இடைவெளி விழும்.

மூன்றாவது குறையே மிக அபாயகரமானது: தடுப்பூசி செய்ய உயிருள்ள நோய்க்கிருமியையே டன் கணக்கான நீரில் வளர்க்கவேண்டும். 2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டப் பண்ணைகளில் திடீரென்று நோய் தோன்றியபோது, ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? பிர்பிரைட் வளாகத்தில் ஆய்வுக்கும் தடுப்பூசிக்குமாகக் கையாளப்பட்ட பழைய வைரஸே, பழுதுபட்ட கழிவுநீர்க் குழாயின் வழியாக வெளியேறியிருந்தது. அத்தகைய கசிவால் என்ன நேரக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்: அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர், 2001இல், அதே நாட்டில் நோய் பரவியபோது அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுமாடுகளும் பன்றிகளும் கொல்லப்பட்டன. அப்போது பரவிய ஓ வகைக் கிளை 1990இல் வட இந்தியாவில் முதன்முதல் அறியப்பட்டது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஊசி போட்ட மாட்டையும் நோய் வந்து தீர்ந்த மாட்டையும் சோதனையில் வேறுபடுத்தும் வழி அன்று உறுதிப்படாமையால், ஹாலந்தில் அவ்வாண்டு தடுப்பூசி போடப்பட்ட கால்நடைகளையே பின்னர் கொன்றார்கள். நலமாயிருந்த பிராணியை ஊசி போட்ட காரணத்துக்காகவே கொல்ல நேர்ந்த அந்த நிகழ்ச்சியை எந்தக் கால்நடை மருத்துவரும் மன அமைதியோடு நினைக்க முடியாது.

உயிருள்ள வைரஸைத் தொடாமலே தடுப்பூசி செய்யவேண்டும் என்னும் ஆசை இக்காரணங்களால் எழுந்தது. 1981இல் அமெரிக்காவின் ஜெனென்டெக் நிறுவனமும் பிளம் தீவு ஆய்வு நிலையமும் சேர்ந்து, உறைப் புரதம் ஒன்றை மட்டும் ஈ. கோலை பாக்டீரியாவில் விளைவித்து மாடுகளில் காப்பு கண்டதாக அறிவித்தபோது உலகம் வியந்தது. மறு ஆண்டே, முன்னே நான் சொன்ன அந்த வளையத்தின் இருபது அமினோ அமிலங்களை மட்டும் ரசாயன முறையில் கோத்துச் சீமைப்பெருச்சாளிகளைக் காத்தார்கள். நம்பிக்கை வெகுவாய் உயர்ந்தது. ஆனால் அர்ஜென்டினாவில் நூற்றுக்கு மேற்பட்ட மாடுகளைக் கொண்டு அத்தகைய சிறு துண்டுகளை முறையாகச் சோதித்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், எந்த ஒன்றின் காப்பும் 40 விழுக்காட்டைத் தாண்டவில்லை. முழு உறையை மாடு காணவேண்டும், அதன் ஒரு துண்டைக் காட்டினால் போதாது என்னும் பாடத்தை அந்த ஆய்வு நன்றாகவே உணர்த்திற்று.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே முற்றிலும் வேறான ஓர் உபாயம் தோன்றியிருந்தது. 1990இல் விஸ்கான்சினின் ஜான் உல்ஃபும் அவர் சகாக்களும், உப்புநீரில் கரைத்த வெறும் டி.என்.ஏ.வை எலியின் தசையில் ஊசியால் செலுத்தியபோது, அத்தசை அந்த மரபணுவுக்குரிய புரதத்தைத் தானே செய்யக் கண்டார்கள். வைரஸும் இல்லை, கொழுப்பு உறையும் இல்லை, வெறும் டி.என்.ஏ. அது எவருமே எதிர்பாராதது. 1993இல் ஜெஃப்ரி அல்மர், மார்கரெட் லியூ முதலியோர், இன்ஃப்ளுயன்ஸா வைரஸின் உட்புரதம் ஒன்றுக்குரிய டி.என்.ஏ.வை எலிகளுக்குச் செலுத்தி, வேறுபட்ட இன்ஃப்ளுயன்ஸாக் கிளையிலிருந்தும் அவற்றைக் காத்துக் காட்டினார்கள். நம் துறைக்குப் பெருமை தரத்தக்க செய்தி ஒன்றும் அவ்வாண்டிலேயே வந்தது: கனடாவின் சாஸ்கட்டூனில் லார்ன் பாபியுக்கின் குழுவினர் மாடுகளின் ஹெர்ப்பிஸ் வைரஸுக்குரிய மரபணுவை மாடுகளுக்கே செலுத்தி எதிர்ப்பொருள் உண்டாக்கினர். டி.என்.ஏ. தடுப்பூசியின் தொடக்க நாளிலேயே மாடு அந்த ஆய்வில் இடம்பெற்றுவிட்டது.

இதன் செயல்முறையைச் சுருங்கச் சொல்லலாம். பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் தனியே நின்று பெருகும் சிறு டி.என்.ஏ. வளையம். கோமாரி வைரஸின் ஆர்.என்.ஏ.வில் உறைக்குரிய பகுதியை டி.என்.ஏ. எழுத்தில் படியெடுத்து, விலங்கின் உயிரணு தயங்காமல் வாசிக்கும்படி ஒரு தொடக்க உறுப்பை அதன் முன்னே சேர்த்து, வளையத்தில் கோத்து, பாக்டீரியாவில் பெருக்கிப் பிரித்தெடுத்தால் தடுப்பூசி தயார். மாட்டின் தசையணுவின் கருவுக்குள் அது போய்ச் சேர்ந்தால், தசையணு அதைப் படித்து உறைப் புரதங்களை நீண்ட ஒரே சங்கிலியாக நெய்யும். அந்தச் சங்கிலியை உரிய இடங்களில் வெட்டவல்ல வைரஸ் நொதியின் மரபணுவையும் உடன் சேர்த்திருப்பதனால், வெட்டுண்ட துண்டுகள் தாமே கூடி, உள்ளே ஆர்.என்.ஏ. இல்லாத வெற்று உறைகளாக அமையும். பதரைப் பார்த்தால் நெல்லாகவே தோன்றும், ஆனால் முளைக்காது. அதுபோல, மாட்டின் பாதுகாப்பு அணுக்களுக்கு வைரஸாகவே காட்சி தரும் இவ்வெற்று உறை நோய் தர இயலாதது. உயிரணுவுக்குள்ளேயே புரதம் பிறப்பதால், எதிர்ப்பொருளோடு, நோயுற்ற அணுவைக் கொல்லும் டி அணுக்களும் விழித்தெழும். டி.என்.ஏ.வோ வெயிலுக்கு எளிதில் அஞ்சாதது. புதிய வைரஸ் கிளை தோன்றினால் அதன் எழுத்துகளை மட்டும் மாற்றினால் போதும். வைரஸின் மற்றப் புரதங்கள் பெரும்பாலும் இதில் இல்லாமையால், நோயுற்ற மாட்டையும் ஊசி பெற்ற மாட்டையும் ரத்தச் சோதனையில் தெளிவாகப் பிரித்தறியலாம். பழைய ஊசியின் ஒவ்வொரு குறைக்கும் இங்கே ஒரு பதில் காத்திருப்பதைக் கண்ட ஆராய்ச்சியாளர்கள் உற்சாகம் கொண்டதில் வியப்பில்லை.

1997இல் பிளம் தீவில் பன்றிகளில் முதற்பரிசோதனை வெளிவந்தது. அங்கே செலுத்திய டி.என்.ஏ., உயிரணுவைப் பற்றும் இடம் நீக்கப்பட்ட வைரஸின் முழு மரபுத்தொகுதியாக இருந்தது. பன்றிகளில் எதிர்ப்பொருள் உண்டாயிற்று. 2001இல் பிர்பிரைட் குழுவினர், வெற்று உறைக்குரிய மரபணுவோடு, வெள்ளையணுக்களைத் தூண்டும் ஒரு புரதத்தின் மரபணுவையும் சேர்த்துத் திரும்பத் திரும்பச் செலுத்தி, பன்றிகளை நோயிலிருந்தே காத்துக் காட்டினார்கள். ஆண்டுக்காண்டு இத்தகைய கட்டுரைகள் பெருகின. சீனத்திலும் ஸ்பெயினிலும் இந்தியாவிலும் புதுப்புது பிளாஸ்மிட்டுகள் நிர்மாணிக்கப்பட்டு, எலியிலும் சீமைப்பெருச்சாளியிலும் நல்ல பலன் கண்டதாகச் செய்திகள் வந்தவண்ணம் இருந்தன.

மாட்டின் முன்னே வந்து நின்றபோதுதான் பிரச்சினை தெரிந்தது. இதை நான் சற்று விரித்துச் சொல்லவேண்டும். இன்றைய பேச்சின் சாரமே இங்கேதான் உள்ளது. இருபது கிராம் எடையுள்ள எலியின் தொடைத் தசையில் ஒரு துளி செலுத்தினால், துளியின் அழுத்தத்தாலேயே தசைநார்கள் விரிந்து பிளாஸ்மிட்டுகள் அணுக்களுக்குள் தள்ளப்படுகின்றன. நானூறு கிலோ எடையுள்ள மாட்டின் கழுத்துத் தசையில் அதே நிகழ்ச்சி நடப்பதில்லை, செலுத்திய டி.என்.ஏ.வில் மிகப் பெரும்பகுதி அணுக்களுக்கு வெளியிலேயே நின்று, நொதிகளால் அரிக்கப்பட்டு மறைந்துவிடுகிறது. எலிக்கு மைக்ரோகிராம் கணக்கில் போதுமானது, மாட்டுக்கு மில்லிகிராம் கணக்கில் கொடுத்தும் போதவில்லை. இதைச் சமாளிக்கப் பல உபாயங்கள் எழுந்தன. பொன்னின் நுண்துகளில் டி.என்.ஏ.வைப் பூசித் தோலுக்குள் சுடும் கருவி ஒன்று. ஊசியிட்ட இடத்தில் சிறு மின்துடிப்புகளைச் செலுத்தி அணுக்களின் சவ்வைக் கணநேரம் திறக்கவைப்பது மற்றொன்று. டி.என்.ஏ.வால் தொடங்கி, சில வாரம் கழித்துப் புரதத்தால் முடிப்பது பிறிதொன்று. பெங்களூர் ஹெப்பாளிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் வளாகத்தில், அணுவுக்குள் சென்றபின் தன்னைத் தானே பல படிகளாகப் பெருக்கிக்கொள்ளும்படி அமைத்த டி.என்.ஏ.வைக் கன்றுகளுக்கு முதலில் தந்து, பின்னர் புரதம் தந்து பார்த்த ஆராய்ச்சியும் இவ்வழியைச் சேர்ந்ததே.

2012இல் பிர்பிரைட் குழுவினர், மின்துடிப்போடு டி.என்.ஏ.வும், அதன்பின் புரதமும் தந்து, மாடுகளையே கோமாரியிலிருந்து காக்க முடியும் என்று காட்டினார்கள். எளிதில் நோயுறும் மாட்டில் காட்டிய அந்தப் பரிசோதனையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆயினும் கட்டுரையைப் படித்து முடிக்கும்போது மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: ஏரிக்கரையில் கூடிய முந்நூறு மாடுகளுக்கு, மாட்டுக்கு மாடு மின்துடிப்புக் கருவி வைத்து, இரண்டு மூன்று முறை ஊசியிட்டு, பிறகு புரதமும் தருவது யாரால் இயலும்? அந்தப் புரதமும் குளிர்பெட்டியிலேதான் வரவேண்டும். ஸ்பெயினில் 2011இல் வெளிவந்த ஆய்வொன்று இன்னும் கவலை தருவது: வைரஸின் சிறு துண்டுகளைக் கொண்ட டி.என்.ஏ. பெற்ற பன்றிகளில் சில ஓரளவு காக்கப்பட்டன, சிலவோ ஊசி பெறாதவற்றைவிடக் கடுமையாக நோயுற்றன. விரும்பாத முடிவை மறைக்காமல் அச்சிட்ட அந்த ஆராய்ச்சியாளர்களின் நேர்மையை மாணவர்கள் கற்கவேண்டும்.

டி.என்.ஏ. தடுப்பூசியே பயனற்றது என்று இதனால் முடிவு கட்டுவது தவறு. 2005இல் மேற்கு நைல் வைரஸுக்கு எதிராகக் குதிரைகளுக்கான டி.என்.ஏ. தடுப்பூசி அமெரிக்காவிலும், ஒரு கொடிய வைரஸ் நோயிலிருந்து சால்மன் மீன்களைக் காக்கும் டி.என்.ஏ. தடுப்பூசி கனடாவிலும் அனுமதி பெற்றன. கனடாவின் பண்ணைகளில் சால்மன் குஞ்சு ஒவ்வொன்றையும் கையிலெடுத்து, தசையில் சில மைக்ரோகிராமே ஏற்றுகிறார்கள். மீனின் தசை டி.என்.ஏ.வை அருமையாக ஏற்கிறது. ஒரே ஊசி போதுமானதாகிறது. நம் நாட்டிலேயே 2021 ஆகஸ்டில் அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் செய்த கோவிட் தடுப்பூசி, மனிதர்க்கான டி.என்.ஏ. தடுப்பூசியாக உலகில் முதன்முதல் அவசர அனுமதி பெற்றது; ஊசியின்றி, நீர்த்தாரையின் விசையால் தோலுக்குள் அது செலுத்தப்பட்டது; மூன்று தவணை வேண்டியிருந்தது; முதற்கணக்கில் 66.6 விழுக்காடு காப்புத் தந்தது. மனிதர் மூன்று முறை வந்து வரிசையில் நிற்பார்; அவர் பொருட்டு அரசாங்கங்கள் கோடிக்கணக்கில் செலவிடும். மேய்ச்சலுக்குப் போன மாட்டை மூன்று முறை பிடித்துக் கட்டுவதும், சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய ஊசியோடு விலையில் போட்டியிடுவதும் முற்றிலும் வேறு காரியங்கள்.

இந்நோய்க்குரிய தனித் தடையும் ஒன்று உண்டு, அது காலம். பக்கத்து ஊரில் கோமாரி வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட பின்னர், நம் ஊர் மாட்டுக்கு ஒரு வாரத்துக்குள் காப்பு வேண்டும். வீரியமுள்ள பழைய ஊசி அதை ஏறத்தாழச் செய்துவிடுகிறது, டி.என்.ஏ.வுக்கோ வாரங்கள் தேவைப்படுகின்றன. எனவே நோய் வந்தபின் அணைக்கும் வேலைக்கு டி.என்.ஏ.வை எதிர்பார்ப்பது வீண் என்றும், ஆண்டுதோறும் அமைதியாய் நடக்கும் சுற்றுத் தடுப்பூசிக்கே அது பொருத்தமானது என்றும் நான் கருதுகிறேன். இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ளாமல் இரண்டு நோக்கங்களையும் ஒரே பிளாஸ்மிட்டின் தலையில் ஏற்றியதனால் பல வருஷ உழைப்பு சிதறிப்போயிற்று என்பது என் அபிப்பிராயம்.

அண்மைக் காலத்தில் இரண்டு திசைகளில் நல்ல முன்னேற்றம் வந்திருக்கிறது. உறைச் சங்கிலியை வெட்டும் நொதி மிகக் கூர்மையானது. அது மாட்டின் சொந்தப் புரதங்களையும் வெட்டி, புரதம் செய்யும் அணுவையே நலியச் செய்துவிடும். அதன் ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, உறையை வெட்டும் திறன் குன்றாமல் அணுவுக்கு இழைக்கும் தீங்கை மட்டும் குறைக்கும் வடிவை 2017இல் பிளம் தீவுக் குழுவினர் வெளியிட்டார்கள். 2013இல் பிர்பிரைட், ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் உறைத் துண்டுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு கந்தகப் பிணைப்பை ஏற்படுத்தி, வெப்பத்திலும் அமிலத்திலும் சிதறாத வெற்று உறையைச் செய்து காட்டினார்கள். இவ்விரண்டும் டி.என்.ஏ.வுக்காகவே கண்டவை அல்ல. ஆயினும் ஒரே பிளாஸ்மிட்டில் இரண்டையும் எழுதிச் சேர்ப்பதற்குத் தடையேதும் இல்லை.

ஆகவே இனி நடக்கவேண்டிய பரிசோதனை எப்படி இருக்கவேண்டும் என்பதைச் சொல்லி அமைகிறேன். அது எலியில் தொடங்கி எலியிலேயே முடியும் பரிசோதனையாக இருத்தலாகாது. கலப்பினப் பசுவும் நாட்டு மாடும் எருமையும் அதில் இடம்பெறவேண்டும். ஓ, ஏ, ஏசியா-1 என்னும் மூன்று வகைக்கும் தனித்தனியே சோதிக்கவேண்டும். ஊசி போட்ட இருபத்தொன்றாம் நாளில் மட்டுமன்றி ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் மாடுகளை நோய்க்கு உட்படுத்திப் பார்க்கவேண்டும். வேனிற்காலத்தில் குளிர்பெட்டியின்றி வைத்திருந்த குப்பியிலிருந்து எடுத்த மருந்தையே அவற்றுக்குத் தரவேண்டும். ஒரு தொழுவத்தில் ஒருவராய் நின்று போடக்கூடிய கருவியாலேயே அது செலுத்தப்படவேண்டும். உயிருள்ள வைரஸை வெளியே விடாமல் மாடுகளில் இவ்வாறு சோதிப்பதற்குரிய உயர்பாதுகாப்புக் கட்டடம் புவனேஸ்வரத்துக்கு அருகே அருகுல் என்னும் இடத்தில் இருக்கிறது; பயிற்சி பெற்ற ஆராய்ச்சியாளர்களும் இந்நாட்டில் இருக்கிறார்கள். செலவு மிகும், மாடுகளை ஓராண்டு வளர்க்கவும் பராமரிக்கவும் பொருள் வேண்டும், கட்டுரையும் விரைவில் வெளிவராது. இந்த அவையிலுள்ள இளைஞர் யாரேனும் அந்தப் பணியை மேற்கொள்ள முன்வருவாராயின், அதன் பொருட்டு இவ்வறக்கட்டளையினர் ஓர் ஆய்வு உதவித்தொகையை ஏற்படுத்த வேண்டும் என்பதே அவர்களிடம் நான் வைக்கும் விண்ணப்பம்.